பத்து நிமிடம் கழித்துத் திறக்கும் கணினி: புதிது வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அப்பா தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய மேசைக் கணினி. ஐ3-7100 பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அமுக்கினால் குரோம் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டப் பத்து நிமிடம் ஆகிறது. மகள் படிவம் ஐந்து, பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகிறாள். சின்னவன் ரோப்லோக்ஸ் விளையாட வேண்டும் என்று நிற்கிறான். பட்டணத்தில் ஒரு கடையில் காட்டியபோது, திறந்துகூடப் பார்க்காமல் “பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்” என்று சொல்லிவிட்டார்களாம். வாங்கத்தான் வேண்டுமா, அண்ணே?

தங்கச்சி, இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஐ3-7100 என்பது 2017 தொடக்கத்தில் வந்த பிராசசர். இரண்டு கோர், 3.9 கிகாஹெர்ட்ஸ். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமா, கூகுள் கிளாஸ்ரூம், யூடியூப், வேர்ட், எக்செல் எல்லாவற்றுக்கும் அது இன்றைக்கும் தாங்கும். உங்கள் பெட்டிக்குள் அது வேலை செய்து களைத்துப் போகவில்லை. வேறு ஏதோ ஒன்று வந்து சேரட்டும் என்று சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாதீர்கள். கண்டுபிடிக்க எந்தச் சாமானும் வேண்டியதில்லை.

கணினியைத் திறந்து, திரையில் படம் வந்தவுடன் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே ‘மோர் டீட்டெய்ல்ஸ்’ என்று இருக்கும், அதைத் தட்டுங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போனால் சிபியு (பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று தனித்தனியாகக் கோடு ஓடும். கணினி முக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடத்திலேயே பார்க்க வேண்டும், எல்லாம் அடங்கிய பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சிபியு பாதிக்குக் கீழே இருக்கும், மெமரி 85, 90 சதவீதத்தில் நிற்கும், டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தால் உங்கள் நோய் இந்த ஊரில் வரும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கும் அதே நோய்தான்.

இப்போது டிஸ்க் என்பதைத் தட்டி, அதற்குக் கீழே ஓடும் வேகத்தைப் பாருங்கள். வினாடிக்கு 1 எம்பிகூட இருக்காது. முழு வேலை செய்கிறேன் என்கிறது, ஆனால் ஒரு சின்னப் புகைப்படம் அளவுகூட வெளியே வரவில்லை. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதன் பிறவிக் குணமே அதுதான்.

மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்னால், படிக்கும் கை சரியான வளையத்துக்கு நகர வேண்டும். அதற்கு 9 மில்லி வினாடி போல ஆகும். ஆக, தட்டின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும் துண்டுகளைக் கேட்டால் வினாடிக்கு எழுபது, எண்பது துண்டுதான் எடுத்துக் கொடுக்க முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு 300 கேபிதான் ஆகிறது. அதே டிஸ்க்கிடம் ஒரு பெரிய சினிமாக் கோப்பை வரிசையாகக் கேட்டால் 100 எம்பிக்கு மேல் தரும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு ஒரே நிரையைக் கொடுத்தால் மளமளவென்று முடித்துவிடுவார். மலையடிவாரத்தில் ஒரு மரம், ஆற்றங்கரையில் ஒரு மரம், மறுபடி மலையடிவாரம் என்று அனுப்பினால் நாள் முழுக்க நடையிலேயே போய்விடும். விண்டோஸ் திறக்கும்போது கேட்பதெல்லாம் அப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டக்கூடிய எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாமானில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் அதே சாட்டா கேபிளில் மாட்டும் சாதாரண எஸ்எஸ்டிகூட வினாடிக்குப் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துத் தரும். அதனால்தான் மற்ற எதையும் தொடாமல் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே அதே கணினி வேறு கணினி மாதிரி நடந்துகொள்கிறது. உங்களிடம் ஒரு சாமானுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்எஸ்டி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகையைக் கேளுங்கள். உங்கள் மதர்போர்டில், அதாவது எல்லாச் சாமானும் ஏறி நிற்கும் பெரிய பலகையில், குச்சி வடிவ எஸ்எஸ்டி செருகும் எம்.2 பள்ளம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சாட்டா என்றால் இருக்கிற கேபிளிலேயே மாட்டிவிடலாம். சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 550 எம்பி வரை போகும், எம்.2 பள்ளத்தில் ஏறும் என்விஎம்இ வகை 3000-ஐத் தாண்டும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த வித்தியாசம் பெரிய கோப்புகளைப் பெயர்த்து வைக்கும்போதுதான் தெரியும். டெலிமா திறக்கும் வேகத்தில் உங்களுக்குத் தெரியாது. 240 அல்லது 256 ஜிபி போதும், 480 அல்லது 512 கட்டுப்படியானால் நிம்மதி. ஆன்லைனில் “16 டிபி எஸ்எஸ்டி, நூறு வெள்ளி” என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, பெரிய அளவு இருப்பதுபோல் பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கோப்புகளைப் போடும்போது எல்லாம் சரியாகப் போகிற மாதிரியே இருக்கும், திறந்து பார்த்தால்தான் பாதி காணாமல் போயிருக்கும். பெயர் தெரிந்த பிராண்டாக, உத்தரவாதம் உள்ள கடையில் வாங்குங்கள். ஈப்போவுக்குப் போய்வந்தால் இரண்டு மூன்று கடையில் விலை கேட்கலாம். மெமரி சாமான்களின் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, அதனால் நான் இங்கே ஒரு தொகை சொன்னால் அது உங்களைத் தவறாக வழிநடத்தும்.

மாற்றுவதற்கு முன்னால் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. திறந்தவுடன் ‘குட்’ என்று நீல நிறத்தில் காட்டினால் பரவாயில்லை. மஞ்சளில் ‘காஷன்’ என்று வந்தால், பட்டியலில் 05 மற்றும் சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது ஏற்கெனவே பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள், சி5 என்பது படிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் பகுதிகள். சி5-இல் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அன்றைக்கே படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். டிஸ்க் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும்போதுதான் கணினி அப்படியே உறைந்து நிற்கும். வேகத்தைப் பற்றியெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இனி, விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்குப் பெயர்ப்பதா, புதிதாகப் போடுவதா? பெயர்க்க குளோன்சில்லா மாதிரி இலவச நிரல்கள் இருக்கின்றன, ஆனால் எட்டு ஒன்பது வருடக் குப்பையும் சேர்ந்து வரும். என் கட்சி புதிதாகப் போடுவது. மைக்ரோசாப்டின் பக்கத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து போடலாம். உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருக்கும். அசல் விண்டோஸாக இருந்தால், நிறுவும்போது எண் கேட்டால் தாண்டிப் போய்விடுங்கள். இணையம் கிடைத்ததும் தானாகவே ஏற்றுக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறி அதை அழித்துவிடும் பேச்சுக்கே இடமிருக்காது.

இதில் நம்மவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. அப்பா கிராணியாக இருந்தவர், கோவில் கமிட்டி கடிதம், சங்கத்து அறிக்கை, தமிழ்ப்பள்ளி விழா அழைப்பிதழ் என்று தமிழில் நிறைய அடித்து வைத்திருப்பார். 2000-களில் அடித்தவை என்றால் அவை எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் யுனிகோடாக இல்லாமல், ஒரு குறிப்பிட்ட எழுத்துருவை நம்பியே இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். ஆவணங்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு, எல்லாம் அழிந்துவிட்டது என்று பதறி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழியவில்லை, எழுத்துருதான் காணோம். அதனால் சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்று இருப்பதையும் சேர்த்து நகல் எடுத்து வையுங்கள். எந்தக் கீபோர்டு நிரலில் அடித்தார் என்பதையும் அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அடுத்தது ரேம். 4 ஜிபியில் விண்டோஸ் 10 எழுந்து உட்கார்ந்தாலே கிட்டத்தட்டப் பாதி போய்விடும். குரோமில் ஏழெட்டு டேப் திறந்தால் மீதியும் போய்விடும். இடம் இல்லாதபோது விண்டோஸ் சும்மா இருக்காது. ரேமில் இருப்பதை எடுத்து டிஸ்க்கில் ஒரு கோப்பில் வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துவரும். அந்த டிஸ்க் எப்படிப்பட்டது என்றுதான் மேலே பார்த்தோமே. ஆக ரேம் பற்றாக்குறை, டிஸ்க் கோளாறு என்ற வேடத்தில் வருகிறது. எஸ்எஸ்டி போட்டால் இந்த வலி குறையும், 8 ஜிபி ஆக்கினால்தான் தீரும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி என்பதைத் தட்டினால் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்று ஒரு வரி வரும். ‘1 ஆஃப் 2’ என்று இருந்தால் ஒரு பள்ளம் காலி. இன்னொரு 4 ஜிபி போட்டால் போதும். இரண்டு பள்ளத்திலும் ஒரே அளவு இருக்கும்போது இரட்டைத் தடத்தில் ஓடும், அதாவது இரண்டு ரேமிலிருந்தும் ஒரே நேரத்தில் தகவல் வரும். உங்கள் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை என்று நினைக்கிறேன். பிராசசருக்குள் இருக்கும் எச்டி 630 கிராபிக்ஸ், தனக்கென்று மெமரி இல்லாமல் இந்த ரேமையே பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால் இரட்டைத் தடம் வந்தால் சின்னவனின் ரோப்லோக்ஸுக்கும் நல்லது. அவனிடம் இப்போதே சொல்லி வைக்காதீர்கள், பாடம் படிக்க அக்காவுக்குக் கணினி கிடைக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. 7100 பிராசசரோடு டிடிஆர்4 ரேமும் வரும், சில மதர்போர்டில் டிடிஆர்3எல்லும் வரும். இரண்டின் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும், மாற்றிச் செருக முடியாது. பெட்டியைத் திறந்து, இருக்கிற ரேமைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டி அதே வகையை வாங்குங்கள். மடிக்கணினி ரேம் குட்டையாக இருக்கும், அதுவும் இதில் ஏறாது.

சரி, காசு செலவில்லாத வேலைகள். இவற்றை எல்லோரும் முதலில் சொல்வார்கள். நான் பின்னால் சொல்வதற்குக் காரணம், உங்கள் பத்து நிமிடத்தில் இவை ஒன்றிரண்டைக் குறைக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் எஸ்எஸ்டி வந்து சேரும்வரை செய்துவைக்கலாம். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பக்கத்துக்குப் போய், கணினியோடு சேர்ந்தே எழுந்துகொள்ளும் நிரல்களைப் பாருங்கள். எப்போதோ வைத்திருந்த பிரிண்டரின் உதவி நிரல், பாட்டு நிரல், டொரண்ட், 2025 மே மாதமே மூடப்பட்டுவிட்ட ஸ்கைப் என்று வரிசையாக இருக்கும். தேவையில்லாதவற்றை ‘டிசேபிள்’ செய்யுங்கள். நீக்குவது இல்லை, தானாக எழுவதை நிறுத்துவதுதான், அதனால் பயப்பட வேண்டாம். குரோமில் நீட்டிப்புகள் எத்தனை ஏறியிருக்கின்றன என்று பார்த்துக் குறையுங்கள். குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடும் ஒரு அமைப்பு சிஸ்டம் பகுதியில் இருக்கிறது, அதையும் அணைத்துவிடுங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். விண்டோஸ் அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ என்று இருப்பதை இயக்கிவிட்டால் குப்பையை அதுவே அள்ளிவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ‘ஷட் டவுன்’ கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்று உள் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்கிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தினமும் அணைத்துத்தான் வைக்கிறேன், அப்படியும் இழுக்கிறது என்கிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

ஆன்டிவைரஸ் இரண்டு வைக்காதீர்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். “ஒரே சொடுக்கில் கணினி பறக்கும்” என்று விளம்பரம் வரும் கிளீனர், பூஸ்டர் வகைகள் எதுவும் வேண்டாம். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் வேகம் வரும் என்பது வெறும் வியாபாரம். அப்படிப்பட்ட நிரல்களில் மிகப் பிரபலமான சிகிளீனரின் ஒரு பதிப்புக்குள்ளேயே 2017-இல் யாரோ நச்சு நிரலைச் செருகி, அது அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்தே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சுத்தம் செய்ய வந்ததே அழுக்கோடு வந்த கதை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கிராக், அதாவது காசு கொடுக்காமல் நிரலை ஓட வைக்கும் திருட்டு வழி. நம் சிற்றூர்களில் கணினி வாங்கும்போதே கடைக்காரர் அன்பளிப்பாக ஆபீஸ் போட்டுக் கொடுப்பார். அதை ஏமாற்றி இயங்க வைக்கும் நிரல், டிஃபெண்டரை அணைக்கச் சொல்லித்தான் உள்ளே வரும். கதவைத் திறந்து வைத்த பிறகு யார் யார் வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கணினியில் யாரும் எதையும் செய்யாதபோது விசிறி இரைந்து ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் அடங்கிவிடுகிறது என்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் கணினியில் வேறொருவருக்காகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்திருப்பதைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். இதற்காகவும்தான் புதிதாகப் போடச் சொல்கிறேன். மகளின் கட்டுரைக்கு லிப்ரே ஆபீஸ் போதும், இலவசம். கூகுள் டாக்ஸ் இருக்கவே இருக்கிறது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம். சில வீடுகளில் இதுதான் முழுக் காரணமாக இருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் வேகம் காட்டும். வேலை ஓடும்போதும் 3.9-க்குப் பதில் 1-க்குக் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால், பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். 7100-க்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். கோர் டெம்ப் மாதிரி ஒரு நிரலைப் போட்டுப் பாருங்கள். வேலை செய்யும்போது 70, 75 வந்தால் நம் ஊர் வெயிலுக்கு அது ஒன்றுமில்லை. 90-ஐத் தாண்டினால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

லிந்தாங் சாலைப் பக்கம் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் செம்பனை லாரி போகும்போதெல்லாம் செம்மண் தூசு ஜன்னல் வழியே வந்துவிடும். அது சாதாரணமாக ஊதினால் போய்விடும். சாமி அறைக்குப் பக்கத்தில் வைத்த கணினிதான் பெரிய தொல்லை. சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பசையும் தூசோடு கலந்து, பிராசசரின் மேலே இருக்கும் உலோகத் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக்கொள்ளும். காற்றே போகாது. எறும்பு கூடு கட்டியதும் உண்டு, பல்லி மின்விநியோகப் பெட்டிக்குள் போய்ச் செத்ததும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, மென்மையான தூரிகையால் தட்டி, ஊதுகுழலால் ஊதுங்கள். ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழல விடாதீர்கள். வாக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடலாம். மின்விநியோகப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். இத்தனை வருடத்தில் பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே பூசியிருக்கும் பசையும் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது கடைக்குச் சின்ன வேலை, எஸ்எஸ்டி போடக் கொடுக்கும்போதே சேர்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் மின்னல். மதியம் கறுத்துக்கொண்டு வந்தால் பிளக்கைப் பிடுங்குவது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம், கணினிக்கும் அது சரியான பழக்கம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்கவே வேண்டும். வீட்டுக்கு இன்னும் பழைய செம்புக் கம்பித் தொலைபேசி வழியாக இணையம் வருகிறது என்றால் அந்தக் கம்பியையும் மோடத்திலிருந்து கழற்றுங்கள். மின்கம்பியைவிட அதன் வழியாக வந்து மோடத்தையும் மதர்போர்டின் நெட்வொர்க் பகுதியையும் சேர்த்து எரித்த மின்னல்கள் ஏராளம். ஃபைபர் இழை கண்ணாடி, அது மின்சாரத்தைக் கடத்தாது. மோடத்தின் பிளக்கைக் கவனித்தால் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது அடிக்கடி நடக்கிறது என்றால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள். பாதியில் நின்ற எழுத்து விண்டோஸ் கோப்புகளைக் கெடுக்கும், அதுவும் அடுத்த நாள் மந்தமாகத்தான் தெரியும்.

கணினி மெதுவா, இணையம் மெதுவா என்பதையும் பிரித்துப் பாருங்கள். வேர்ட் உடனே திறக்கிறது, டெலிமா மட்டும் சுற்றுகிறது என்றால் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பேசியில் அதே வைஃபையில் வேகம் சோதித்துப் பாருங்கள். கைப்பேசியில் நன்றாக வந்து கணினியில் வரவில்லையென்றால், யுஎஸ்பியில் செருகிய பழைய வைஃபை குச்சியாக இருக்கலாம். ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்தால் தீர்ந்தது. அண்ணன் வீட்டில் கிடந்த பழைய 3ஜி டோங்கிளைக் கொண்டுவந்து முயற்சி செய்யாதீர்கள். 2021 இறுதியோடு நாட்டில் 3ஜியை நிறுத்திவிட்டார்கள்.

இனி விண்டோஸ் 10 பற்றி. இதை மறைத்துவிட்டு எஸ்எஸ்டி வாங்கச் சொல்வது நியாயமில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் விண்டோஸ் 10-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனீட்டாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று அறிவித்தது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கொடுக்காமலே பதிவு செய்ய வழி வைத்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். உங்களுடையது ஏழாம் தலைமுறை. ஒரே ஒரு படியில் தவறிப்போகிறது, அவ்வளவுதான். சோதனையை ஏமாற்றிப் போட வழி இருக்கிறது, கடைக்காரர்களும் போட்டுத் தருகிறார்கள். ஆனால் அப்படிப் போட்டால் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாப்ட் உத்தரவாதம் தருவதில்லை. எஸ்பிஎம் எழுதும் வருடத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது என் கருத்து.

அதற்குப் பதில், விண்டோஸ் இடத்தில் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். அதன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபியிலும் நிம்மதியாக ஓடும், இலவசம், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். டெலிமா, கிளாஸ்ரூம், யூடியூப், வருமான வரி இ-ஃபைலிங் எல்லாம் பிரவுசரில் நடப்பவை, அவற்றுக்கு எந்த இயங்குதளம் என்று கவலையில்லை. தமிழ்99 விசைப்பலகை முறையிலும் அடிக்கலாம். நேரடியாக ஓடாதவை என்றால் ரோப்லோக்ஸும் அசல் மைக்ரோசாப்ட் ஆபீஸும். பென்டிரைவில் எழுதி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்க முடியும். மகளை ஒரு மாலை உட்கார வைத்துப் பாருங்கள். பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் பழகிவிடுவார்கள், அப்பாதான் தன் சீட்டாட்டம் எங்கே போனது என்று கேட்பார்.

“ஒரு வருடத்தில் மாற்றப் போகிற கணினிக்கு எதற்குச் செலவு?” என்று நீங்கள் கேட்கலாம். எஸ்எஸ்டி அந்தக் கணினியோடு சாகப் போவதில்லை. அடுத்ததாக வாங்கும் மேசைக் கணினியிலும் அதைக் கழற்றி மாட்டலாம். டிடிஆர்4 ரேமும், அடுத்தது எட்டு, ஒன்பது, பத்தாம் தலைமுறை முழு அளவு மேசைக் கணினியாக இருந்தால் பெரும்பாலும் கூடவே போகும். அப்படி மாற்றும் நாள் வரும்போது கடையில் புதிதாக, மலிவாக, பளபளவென்று இருக்கும் செலரான் மடிக்கணினியை நீட்டுவார்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு, இரண்டுமே மதர்போர்டில் ஒட்டவைத்தது, கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. விண்டோஸ் புதுப்பிப்பு இரண்டு வந்தால் இடமே இருக்காது. அதைவிட அலுவலகங்களில் குத்தகை முடிந்து வரும் எட்டாம் தலைமுறை ஐ5 மேசைக் கணினி எவ்வளவோ மேல். ஐ5-8500 என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும், உள்ளே எதையும் மாற்றிக்கொள்ளலாம். பழையது என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் என்று மட்டும் கேளுங்கள்.

இப்போது கடைக்குப் போகும்போது “ஸ்லோவா இருக்கு, பாருங்க” என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஃபார்மேட் செய்து கொடுத்துவிடுவார்கள், மூன்று மாதத்தில் பழைய நிலைமைதான். “சாட்டா எஸ்எஸ்டி போட்டு, அதில் விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள், கிராக் எதுவும் வேண்டாம், 4 ஜிபி டிடிஆர்4 கூடுதலாக, பசை மாற்றி, தூசு தட்டிக் கொடுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் என் கையில் கொடுங்கள்” என்று தாளில் எழுதிக் கொடுங்கள். மதர்போர்டில் டிடிஆர்3எல் என்று தெரிந்தால் அந்த வரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், எஸ்எஸ்டியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று ஓரிரு வாரம் பார்த்துவிட்டு, அதை இரண்டாவது டிஸ்க்காக உள்ளேயே மாட்டிப் படங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மேசைக் கணினி டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் வேண்டும் என்பதால், வெளியே யுஎஸ்பியில் இணைக்க நினைத்தால் அடாப்டரோடு வரும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டியிருந்தால் அதில் எதையும் வைக்காதீர்கள். பழைய இரும்புச் சாமான் வாங்க வருகிறவரிடம் அப்படியே தூக்கிப் போட்டும் விடாதீர்கள். அப்பாவின் ஐசி (அடையாள அட்டை) நகலும் வங்கிக் கடிதங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. முழுதாக அழித்த பிறகோ, தட்டில் ஆணி அடித்த பிறகோ கொடுங்கள்.